"டூ ஹெவி" என்றால் என்ன?

பெங்களூரில் பல மொழிகள் காதில் விழும். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது. கூடவே ஆங்கிலம். 1809-இல் ஆங்கிலேயர் இங்கே படை முகாம் அமைத்தனர். அதுதான் கண்டோன்மென்ட். அங்கே வேலை தேடித் தமிழ்க் குடும்பங்கள் பல வந்தன. அல்சூர் பக்கம் குடியேறின. இன்றும் வேலைக்குப் போகும் இடத்தில் ஆங்கிலம் தேவைப்படுகிறது.

அல்சூரில் ஒரு பெண் வீட்டு வேலை செய்கிறார். அந்த வீட்டு மேடத்துக்குத் தமிழ் தெரியாது. ஒரு நாள் அரிசி மூட்டை வந்தது. மாடிக்குக் கொண்டு போகச் சொன்னார் மேடம். அந்தப் பெண்ணுக்கோ முதுகு வலி. "வெரி ஹெவி, மேடம்" என்றார். "யெஸ், வெரி ஹெவி" என்று சொல்லிவிட்டு மேடம் உள்ளே போனார். வேறு வழியில்லை. மூட்டையைத் தூக்கினார். இரவெல்லாம் தூக்கம் இல்லை.

என்ன குறை? "ஹெவி" என்றால் கனம். "வெரி" என்றால் ரொம்ப. "மூட்டை ரொம்பக் கனம்" என்றுதான் மேடம் புரிந்துகொண்டார். காரணம் சொல்லியாயிற்று. விளைவைச் சொல்லவில்லை.

மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். "அம்மா, 'டூ ஹெவி டு லிஃப்ட்' என்று சொல்" என்றாள்.

"லிஃப்ட்" என்றால் தூக்குவது. "தூக்க முடியாத அளவுக்குக் கனம்" என்பது இதன் பொருள். தமிழில் "முடியாத" என்று வெளிப்படையாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது "டூ" என்ற சொல்லுக்குள் மறைந்திருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. "சோ ஹெவி தட் ஐ கான்ட் லிஃப்ட் இட்." "சோ" என்றால் அவ்வளவு. "தட்" என்ற சொல்லுக்குப் பின் விளைவு வரும். "ஐ கான்ட்" என்றால் என்னால் முடியாது. "அவ்வளவு கனம், என்னால் தூக்க முடியாது" என்று பொருள்.

ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு என்பதற்கும் ஆங்கிலத்தில் "டூ" தான். ஓசை ஒன்று, எழுத்து வேறு. அடுத்த சொல்லைக் கேளுங்கள். "டூ பேக்ஸ்" என்றால் இரண்டு பைகள். "டூ ஹெவி" என்றால் அளவுக்கு மீறிய கனம்.

அடுத்த மாதமும் மூட்டை வந்தது. "டூ ஹெவி டு லிஃப்ட், மேடம்" என்றார் அந்தப் பெண். மேடம் உடனே காவலாளியைக் கூப்பிட்டார். இருவரும் சேர்ந்து தூக்கினார்கள்.

நீங்களே சொல்லுங்கள்:
"ஹாட்" என்றால் சூடு. "டிரிங்க்" என்றால் குடிப்பது. "டூ ஹாட் டு டிரிங்க்" என்றால் என்ன? உங்கள் நோட்டில் எழுதுங்கள்.