தீவுக்கு அனுப்பப்பட்ட யூலியாக்கள்

பண்டைய உரோமில் பெண்ணுக்கென்று தனிப்பெயர் பொதுவாக இருக்கவில்லை. யூலியர் குலத்தில் பிறந்தால் யூலியா; அக்கா, தங்கை, அத்தை எல்லோருமே யூலியாக்கள். ஆகவே இங்கு பேசப்படும் யூலியாவை, பேரரசன் ஒகஸ்ரஸின் ஒரே பிள்ளை என்று தந்தையைக் கொண்டே அடையாளம் சொல்லவேண்டியிருக்கிறது.

தந்தையின் வாரிசுக் கணக்கே அவளது வாழ்வாயிற்று. 14 வயதில் அத்தை மகன் மார்செல்லஸுக்கு மணமுடித்து வைக்கப்பட்டாள். அவன் இறந்ததும் தந்தையின் வயதொத்த தளபதி அக்ரிப்பாவுக்கு. ஐந்து பிள்ளைகள். அவனும் இறக்க, கி.மு. 11 இல் சிற்றன்னையின் மகன் திபேரியஸுக்கு. இதற்காகத் திபேரியஸ் தான் நேசித்த மனைவியை விலக்க நேர்ந்தது.

இதனிடையே, கி.மு. 18 இல், ஒகஸ்ரஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தான். அதுவரை பெரும்பாலும் குடும்பத்துக்குள் தீர்க்கப்பட்டுவந்த மனைவியின் சோரம் நீதிமன்றத்துக்குரிய குற்றமாயிற்று. தண்டனை, சொத்தில் ஒரு பகுதி பறிமுதலும் தீவாந்தரமும். கணவன் அடிமைப் பெண்ணிடமோ பரத்தையிடமோ போவதை இச்சட்டம் கண்டுகொள்ளவில்லை.

கி.மு. 2 இல் சட்டம் மகள்மீதே பாய்ந்தது. பண்டாதேரியா என்ற சின்னஞ்சிறு தீவு. வைன் கூடாது, தந்தையின் அனுமதியின்றி எந்த ஆணும் அவளை அணுகக் கூடாது. ஒகஸ்ரஸ் எப்போதோ விவாகரத்துச் செய்துவிட்ட தாய் ஸ்கிரிபோனியா, தானே விரும்பி மகளுடன் போனாள்.

ஒழுக்கக்கேடு மட்டும்தானா காரணம்? உடன் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஒருவன், ஒகஸ்ரஸ் தோற்கடித்த மார்க் அந்தோனியின் மகன். அவன் உயிர் தப்பவில்லை. ஆண்-பெண் தவறுக்குத் தெய்வநிந்தை, ராஜத்துரோகம் என்று பெயர்சூட்டி ஒகஸ்ரஸ் தன் சட்டத்தையே மீறினான் என்கிறார் வரலாற்றாசிரியர் தசிற்றஸ். அரசியற் சதி குறித்த அச்சமே மேலோங்கியிருந்தது என்று நான் கருதுகிறேன். அதிகாரப் போட்டியில் தோற்ற பெண்மீதான குற்றப்பத்திரம் படுக்கையறை மொழியில் எழுதப்பட்டது.

கி.பி. 8 இல் அவளுடைய மகள், அவளும் யூலியாதான், வேறொரு தீவுக்கு அனுப்பப்பட்டாள். 20 ஆண்டுகளின் பின் அங்கேயே இறந்தாள். இன்னொரு மகள் அக்ரிப்பினா கி.பி. 29 இல் பண்டாதேரியாவுக்கு. 33 இல் பட்டினியால் மரணம். (இன்றைய வென்ரொத்தேனே. முசோலினி அடைத்துவைத்த எதிர்ப்பாளர்கள் 1941 இல் ஐக்கிய ஐரோப்பாவுக்கான அறிக்கையை எழுதியதும் இங்குதான்.)

இவை எல்லாம் ஆண்கள் எழுதிவைத்தவை. அக்குடும்பத்தில் எழுதியவள் ஒருத்தி இருந்தாள். இந்த அக்ரிப்பினாவின் அதே பெயர்கொண்ட மகள். கி.பி. 39 இல் தானும் தீவுக்கு அனுப்பப்பட்டு, 41 இல் திரும்ப அழைக்கப்பட்டவள். தன்னையும் தன்னவர்களையும் பற்றி அவள் எழுதிய நினைவுக்குறிப்புகள் அழிந்துவிட்டன. மற்ற வரலாற்றாசிரியர்கள் சொல்லாத ஒரு சம்பவத்தை மட்டும் அவற்றிலிருந்து எடுத்ததாகத் தசிற்றஸ் குறிப்பிடுகிறார். விதவையான தாய், நோயுற்றிருந்தபோது பார்க்கவந்த பேரரசன் திபேரியஸிடம், நெடுநேரம் அழுதபின், தன் தனிமைக்கு ஒரு துணை வேண்டும் என்று கேட்கிறாள். அவளுக்குக் கணவனாக வருபவன் தனக்குப் போட்டியாவான் என்று அவனுக்குத் தெரியும். பதில் சொல்லாமலே எழுந்து போகிறான்.