வாழைக்காயில் ஒரு சொட்டு அயோடின்

காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பை ஒட்டிய தென்கரையில், ஜீயபுரம், பெட்டவாய்த்தலை என்று எங்கே திரும்பினாலும் வாழைத் தோட்டம். அங்கே விளைந்த பூவன் காய் ஒன்றைக் குறுக்கே நறுக்கி, கறையைத் துடைத்துவிட்டு, வெட்டிய இடத்தில் அயோடின் கரைசலைச் சொட்டினால் கண்ணெதிரே கருநீலமாகிறது. நன்றாகக் கனிந்த பழத்தில் அதே சொட்டு பழுப்பாகவே நிற்கும். பழுக்கும்போது மாவுச்சத்து சர்க்கரையாகிவிடுகிறது. நீலத்துக்கு இனி அங்கே வேலையில்லை.

1814-லேயே தெரிந்த இந்தச் சோதனையில் ஒரு நுட்பம் இருக்கிறது. மாவுச்சத்தின் ஒரு பகுதியான அமைலோஸ், குளுக்கோஸ் கோத்த நீண்ட சங்கிலி. தண்ணீரில் அது ஒழுங்கில்லாமல் நெளிந்து கிடக்கும். அயோடின் வந்ததும், சுற்றுக்கு 6 குளுக்கோஸாக ஸ்பிரிங் போலச் சுருண்டு அதை உள்ளே அடக்கிக்கொள்கிறது. நிறம் பிறப்பது அந்தச் சுருளுக்குள்தான். அடையாளம் காட்ட வந்த அயோடின், சங்கிலியின் உருவத்தையே மாற்றிவிட்டது.

ஆய்வுக்கூடங்களில் இன்னும் உறுதியாக ஒட்டும் சாயங்கள் உண்டு. மாவுச்சத்துக்கு மின்னேற்றம் கிடையாது, அது ஒளிர்வதுமில்லை. அதனால் சங்கிலிகளின் நீளத்தை அளக்க, முதலில் ஒரு நொதியால் மாவுச்சத்தின் கிளைகளை வெட்டி, ஒவ்வொரு சங்கிலியின் ஒரு முனையில் மட்டும் ஏ.பி.டி.எஸ். என்ற ஒளிரும் சாயத்தைப் பிணைக்கிறார்கள். சாயம் மூன்று எதிர்மின்னேற்றங்களைக் கொண்டுவருகிறது. அசையாமல் கிடந்த சங்கிலி, மின்புலத்தில் இப்போது ஓடத் தொடங்கும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு மின்னேற்றம் என்பதால் குட்டையானது முந்தும், நெட்டையானது பிந்தும். சங்கிலிக்கு ஒரு சாயம்தான் என்பதால், ஒளியின் அளவே எண்ணிக்கையையும் சொல்லிவிடும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது: ஒட்டிய பொருள் தந்த மாற்றமே அளவுகோலாகிறது.

எல்லா இடத்திலும் அது உதவி செய்யாது. சாயம் பிணையும்போது முனையிலுள்ள குளுக்கோஸின் வளையம் திறந்துவிடுகிறது. ஆயிரம் குளுக்கோஸ் கொண்ட சங்கிலிக்கு அது பொருட்டே இல்லை. இரண்டே கொண்ட மால்டோஸுக்கோ பாதி உடம்பு போன மாதிரி. திசுக்களுக்குள் ஊடுருவலை அளக்க டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலியில் ஏற்றும் வேறு வகைச் சாயமோ, முனையில் மட்டுமில்லாமல் சங்கிலியெங்கும் ஆங்காங்கே ஒட்டுகிறது. மின்னேற்றமுள்ள சாயத்தை அளவுக்கு மீறி ஒட்டினால், டெக்ஸ்ட்ரான் ஊடுருவும் விதமே மாறலாம். சிறுநீரக வடிகட்டி, எதிர்மின்னேற்றம் பெற்ற டெக்ஸ்ட்ரானை மின்னேற்றமற்றதைவிடக் குறைவாகவே விடுகிறது. எனவே, சாயம் ஏற்றாத அதே பொருளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாத எந்த அளவீட்டையும் நான் நம்புவதில்லை.