வாய் அறுவை சிகிச்சை: மரப்பு ஊசி முதல் முழு மயக்கம் வரை

ஈறுக்குள் புதைந்த ஞானப்பல்லை எடுப்பது, தாடை எலும்பில் இம்பிளாண்ட் பொருத்துவது, விபத்தில் முறிந்த தாடையைத் தகடு வைத்து இணைப்பது, வாய்ப்புற்றுக் கட்டியை அகற்றுவது எல்லாமே வாய் அறுவை சிகிச்சையில் அடங்கும். இவற்றின் வலி தெரியாமல் இருக்க நான்கு படிகளில் ஏற்பாடு உண்டு. முதல் படி, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் ஊசி. இரண்டாவது, ஊசியோடு சேர்த்துப் பயத்தைத் தணிக்கும் வாயு அல்லது மாத்திரை. மூன்றாவது, ரத்தக்குழாய் வழியாகக் கொடுக்கும் அரைமயக்க மருந்து. நான்காவது, முழு மயக்கம்.

படி ஏற ஏற, மூச்சுப் பாதையைக் காக்கும் பொறுப்பு நோயாளியிடமிருந்து மருத்துவரிடம் போகிறது. விழித்திருப்பவர் தொண்டையில் ரத்தம் இறங்கினால் இருமுவார், விழுங்குவார். ஆழ்ந்து மயங்கியவருக்கு அது முடியாது. குடலிறக்கத்துக்கோ முழங்காலுக்கோ அறுவை செய்யும்போது கத்தி ஒரு பக்கம், மூச்சு வேறு பக்கம். வாயில் இரண்டுக்கும் வாசல் ஒன்றே. அதனால்தான், காரியம் முடியப் போதுமான மிகக் குறைந்த படியைத் தேர்ந்தெடுப்பது இத்துறையின் அடிப்படை விதியாக இருக்கிறது.

மயக்க மருத்துவத்தின் தொடக்கத்தில் பல் மருத்துவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர், நைட்ரஸ் ஆக்சைடு என்னும் சிரிப்பு வாயுவைத் தானே உள்ளிழுத்து, தன் கடைவாய்ப்பல்லை எடுக்கச் சொன்னார். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில், வில்லியம் மார்ட்டன் என்ற இன்னொரு பல் மருத்துவர் ஈதர் கொடுத்து நோயாளியை மயக்க, கழுத்துக் கட்டிக்கான அறுவை பலர் முன்னிலையில் நடந்தது. இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் வழி 1884இல் கோகைனோடு தொடங்கியது. இன்று பல் கிளினிக்குகளில் மிகுதியாகப் பயன்படும் லிக்னோகைனை ஸ்வீடனின் நில்ஸ் லோஃப்கிரன் 1943இல் உருவாக்கினார்; 1948இல் அது விற்பனைக்கு வந்தது.

சென்னையின் கோட்டூர்புரம், அடையாறு பக்கத்துப் பல் கிளினிக்குகளில் நடக்கும் பெரும்பாலான சிகிச்சைகளுக்கு மரப்பு ஊசி ஒன்றே போதும். மேல்தாடை எலும்பு மென்மையானது, நுண்துளைகள் கொண்டது. பல்லுக்கு அருகே ஈறில் மருந்தைச் செலுத்தினால் அது எலும்பில் ஊறி வேருக்குப் போய்விடும். கீழ்த்தாடையின் பின்பகுதி எலும்பு கெட்டியானது. மருந்து அதில் ஊறாது. ஆகவே தாடைக்குள் நுழையும் நரம்பையே, அது நுழையும் இடத்தில் பிடிக்க வேண்டும். வாயின் உள்ளே, கடைசிப் பல்லுக்குப் பின்னால் ஊசி ஆழமாக இறங்குவது இதற்காகத்தான். மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் அந்தப் பக்கத்துக் கீழுதடு தடித்துவிட்டது போலத் தோன்றும். உதட்டின் நடுக்கோடு வரை மரத்திருந்தால் ஊசி சரியாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். மரக்கவில்லை என்றால் நோயாளி அதை அப்போதே சொல்லிவிட வேண்டும்.

வழக்கமான மருந்து 2 சதவீத லிக்னோகைன். அதில் 80,000இல் ஒரு பங்கு என்ற அளவில் அட்ரினலின் கலந்திருக்கும். அட்ரினலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் மருந்து அங்கேயே தங்கி நீண்ட நேரம் வேலை செய்கிறது, ரத்தக்கசிவும் குறைகிறது. பல்லின் மரப்பு ஏறக்குறைய ஒரு மணி நேரமும் உதடு, நாக்கின் மரப்பு மூன்றிலிருந்து ஐந்து மணி நேரமும் நீடிக்கும். அட்ரினலின் கலந்த லிக்னோகைனுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பது வழக்கமான உச்ச வரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 420 மில்லிகிராம், அதாவது 21 மில்லி. ஒரு ஞானப்பல்லுக்கு மூன்று நான்கு மில்லி போதும் என்பதால் பெரியவர்கள் வரம்பை நெருங்குவதில்லை. சிறு குழந்தைகளுக்கு அளவை எடை பார்த்தே கணக்கிட வேண்டும்.

பிரஷர் இருந்தால் பல் ஊசியே போடக்கூடாது என்று நினைப்பவர்கள் உண்டு. பிரஷர் கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு இந்த ஊசி போடலாம். இதய நோயாளிக்கு அட்ரினலினின் மொத்த அளவைக் குறைப்பார்கள். உண்மையில் இடைஞ்சல் தருவது சீழ். சீழ் கட்டிய இடத்தில் திசு அமிலத்தன்மை அடைந்திருக்கும். அங்கே மருந்து நரம்புக்குள் சரியாக இறங்காது. வீக்கத்தோடு போகிறவருக்கு முதலில் சீழை வெளியேற்றவோ, சீழ் இல்லாத இடமாகத் தள்ளி ஊசி போட்டு நரம்பைப் பிடிக்கவோ மருத்துவர் முனைவது இதனால்தான். ஊசி போட்டதும் தலைசுற்றி விழுவது பெரும்பாலும் பயத்தாலும் பசியாலும் வருவது; லிக்னோகைன் ஒவ்வாமை மிக அரிது. மரப்பு ஊசி மட்டும் என்றால் சாப்பிட்டுவிட்டுப் போவதே நல்லது.

ஊசியைக் கண்டாலே நடுங்குபவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டாவது படி உதவும். மூக்கின் மேல் சிறு முகமூடி வைத்து, ஆக்சிஜனோடு கலந்த நைட்ரஸ் ஆக்சைடு கொடுப்பார்கள். சில நிமிடங்களில் உடல் இலேசாகி, கை கால் குறுகுறுக்கும். நோயாளி தூங்குவதில்லை, கேட்டதற்குப் பதில் சொல்வார். ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் குறையாதபடி இயந்திரமே பார்த்துக்கொள்ளும். முடிந்தபின் ஐந்து நிமிடம் ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் வாயுவின் வேகம் இறங்கிவிடும். சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் இந்த முறை பயன்படாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இதைத் தவிர்ப்பார்கள். வாயு பயத்தைத் தணிக்குமே தவிர, பல் பிடுங்கும் வலியை முழுதாகப் போக்காது. அதற்கு ஊசி போட்டே ஆக வேண்டும்.

மூன்றாவது படிக்கு மிடசோலம் என்ற மருந்து அதிகம் பயன்படுகிறது. கையில் ஊசிக்குழாய் பொருத்தி, சொட்டுச் சொட்டாக அளந்து கொடுப்பார்கள். பேச்சு குழறத் தொடங்கியதும் நிறுத்துவார்கள். நடந்தது பெரும்பாலும் பிறகு நினைவில் இருக்காது என்பதால் தூங்கிவிட்டதாகவே நோயாளி நம்புவார். இங்கும் மரப்பு ஊசி உண்டு. அளவு சற்றுக் கூடினாலும் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கலாம். அந்த நேரத்தில் வரும் குறட்டை எச்சரிக்கை மணி. ஆகவே பல்லைப் பார்ப்பவர் ஒருவர், மூச்சைப் பார்ப்பவர் வேறொருவர் என்று இருவர் இருக்க வேண்டும். விரலில் ஆக்சிஜன் அளவி, ரத்த அழுத்தக் கருவி, ஆக்சிஜன் உருளை, மிடசோலத்தை முறிக்கும் ஃபுளுமசெனில் ஆகியவையும் தயாராக இருக்க வேண்டும். உடல் பருமனும் குறட்டை நோயும் உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் இந்தப் படி கிளினிக்கைவிட மருத்துவமனைக்கே ஏற்றது.

முழு மயக்கம் மயக்க மருத்துவர் இருக்கும் அறுவை அரங்கில் மட்டுமே தரப்படுவது. முறிந்த தாடை, பிளவுபட்ட உதடும் அண்ணமும், வாய்ப்புற்று, கழுத்து வரை பரவிய சீழ் ஆகியவற்றுக்கும், நாற்காலியில் உட்கார வைக்க முடியாத குழந்தைகளுக்கும் இது தேவைப்படும். சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, 1953இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாய் முகத்தாடை அறுவைக்குத் தனித்துறை உண்டு. கோட்டூர்புரத்திலிருந்து பறக்கும் ரயிலில் நேரே போகலாம். வாய்ப்புற்று அறுவைக்கு, மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் உருவான அடையாறு புற்றுநோய் மருத்துவமனை கோட்டூர்புரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

வாய்க்குள் வேலை நடப்பதால் மூச்சு விடுவதற்கான செயற்கைக் குழாயைப் பெரும்பாலும் மூக்கு வழியாக இறக்குவார்கள். தாடையை மூடிப் பல்வரிசை சேர்கிறதா என்று அறுவை மருத்துவர் பார்க்க அப்போதுதான் இடம் கிடைக்கும். ரத்தம் உள்ளே இறங்காதபடி தொண்டையில் ஈரத்துணி அடைப்பார்கள். முடிவில் அது வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிச் சரிபார்ப்பார்கள். இங்கே பெரிய சவால், பாக்கும் குட்காவும் மென்று வாய்த் திசு இறுகிப்போனவர்கள். இயல்பான வாயில் மூன்று விரல் நுழையும்; இவர்களுக்கு ஒரு விரல்கூட நுழையாமல் போகலாம். வாய் திறக்காதவரை மயக்கிவிட்டுப் பிறகு குழாய் போட முயல்வது ஆபத்து. ஆகவே விழிப்பிலேயே, மூக்கையும் தொண்டையையும் மரக்கச் செய்து, வளையும் கேமராக் குழாயின் துணையோடு மூச்சுக்கான குழாயை இறக்குவார்கள்.

அரைமயக்கத்துக்கும் முழு மயக்கத்துக்கும் வெறும் வயிறு வேண்டும். திட உணவை நிறுத்தி ஆறு மணி நேரமும், எண்ணெய்ப் பலகாரம் அல்லது அசைவம் என்றால் எட்டு மணி நேரமும் ஆகியிருக்க வேண்டும். தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை குடிக்கலாம். பால் கலந்த ஃபில்டர் காபி திட உணவுக் கணக்கில்தான் சேரும். காபிதானே என்று குடித்துவிட்டு வருபவரின் அறுவை தள்ளிப்போகிறது. சர்க்கரை மாத்திரைகளில் எதை நிறுத்துவது என்று முன்பே கேட்க வேண்டும். டபாக்ளிஃப்ளோசின் வகையை மூன்று நாள் முன்னதாகவே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது.

வீடு திரும்பியபின் மரப்பு போகும்வரை சூடான உணவு வேண்டாம். குழந்தைகள் உணர்வில்லாத உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள்; கூடவே ஒருவர் இருந்து கவனிக்க வேண்டும். மாத்திரையாலோ ஊசியாலோ மயக்கம் பெற்றவர் துணையோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். 24 மணி நேரம் வண்டி ஓட்டுவதும் பத்திரங்களில் கையெழுத்திடுவதும் கூடாது. மறுநாளும் உதடு மரத்தே இருந்தாலோ, மூச்சு விடவும் விழுங்கவும் சிரமமாக இருந்தாலோ, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.