அரைப்பதற்கு முன் கேட்க வேண்டும்
ஏ.ஐ. பயிற்சியும் எழுத்தாளரின் பதிப்புரிமையும்: எப்படி இயங்குகிறது?

ஒரு நாவல் செயற்கை நுண்ணறிவுக்குள் போனால் என்ன ஆகிறது? கிரைண்டரில் இட்லி மாவு அரைப்பதை நினைத்துக்கொண்டு படியுங்கள். எழுத்தாளரின் உரிமை எந்தக் கட்டத்தில் கைநழுவுகிறது என்பதும் விளங்கிவிடும்.

1. அரிசி சேர்ப்பது

எழுதும் ஏ.ஐ.யான ‘மொழி மாதிரி’க்கு எழுத்துதான் அரிசி. மூட்டை மூட்டையாக வேண்டும். இணையத்தில் கிடப்பதைக் ‘கிராலர்’ எனும் நிரல்கள் அள்ளி வருகின்றன. புத்தகங்களை விலைக்கு வாங்கி ஸ்கேன் செய்வதும் உண்டு. லிப்ஜென் போன்ற திருட்டு நூலகங்களிலிருந்து நிறுவனங்கள் லட்சக்கணக்கில் இறக்கிக்கொண்டதும் நடந்திருக்கிறது.

2. புடைப்பது

விளம்பரங்கள், குப்பை வரிகள், ஒரே பக்கத்தின் மறுபிரதிகள் நீக்கப்படுகின்றன. ஆசிரியர் பெயரும் பதிப்புரிமைக் குறிப்பும்கூட உமியோடு பறந்துவிடலாம்.

3. அரைப்பது

வாக்கியங்கள் ‘டோக்கன்’ என்னும் துண்டுகளாக உடைந்து எண்களாகின்றன. அடுத்த துண்டு எது என்று மாதிரி ஊகிக்கிறது. தவறும்போதெல்லாம் தனக்குள்ளிருக்கும் கோடிக்கணக்கான எண்களைச் சற்றே திருத்திக்கொள்கிறது. அரைத்து முடித்தபின் உங்கள் நாவல் தனியாக ஓரிடத்தில் இருக்காது. மாவு முழுக்கக் கலந்திருக்கும். சில மணிகள் மட்டும் அரைபடாமல் தங்கும். பயிற்சியில் திரும்பத் திரும்ப வந்த பகுதிகளை மாதிரி வரி பிசகாமல் ஒப்பிப்பது அதனால்தான்.

4. வழக்கு

ஆண்ட்ரியா பார்ட்ஸ் உள்ளிட்ட மூன்று எழுத்தாளர்கள் 2024இல் கலிபோர்னியாவில் ஆந்த்ரோபிக் என்ற ஏ.ஐ. நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஜூனில் நீதிபதி வில்லியம் ஆல்சப் தீர்ப்பளித்தார். அரைப்பது, அதாவது பயிற்சி, அனுமதி தேவைப்படாத ‘நியாயமான பயன்பாடு’. விலைக்கு வாங்கிய புத்தகத்தை ஸ்கேன் செய்ததும் தவறில்லை. ஆனால் திருட்டுப் பிரதிகளைக் குவித்து நூலகம் அமைத்ததை ஏற்க முடியாது என்றார். அடுத்த சில மாதங்களில் நிறுவனம் 150 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. புத்தகம் ஒன்றுக்குச் சுமார் 3,000 டாலர். அதுவும் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்துக்குள் பதிவான நூல்களுக்கு மட்டும். பதியாதவர்களின் அரிசியும் அதே மூட்டையில் இருந்திருக்கலாம், அவர்களுக்குப் பங்கில்லை.

5. பூட்டு எங்கே?

கிராலர் வரக்கூடாது என்று இணையதளத்தில் ‘ரோபோட்ஸ்’ கோப்பு வைக்கலாம். அது வெறும் வேண்டுகோள், மதிக்காதவரைத் தடுக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறை இத்தகைய மறுப்புக்குச் சட்ட பலம் தருகிறது: இயந்திரம் படிக்கும் வடிவில் உரிமையாளர் மறுத்துவிட்டால், வணிக நோக்கில் அந்த எழுத்தை அள்ளக் கூடாது.

இந்தியாவில் எழுதிய கணமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. ஆனால் வழக்கென்று வந்தால் பதிவேடு முதல் சான்றாக நிற்கும். பதிப்பகத்துக்கு உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால், 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி அது ஐந்து ஆண்டுக்கே செல்லும். ‘எல்லா உரிமைகளும் என்றென்றைக்கும்’ என்று கையெழுத்திட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

அரைத்த மாவிலிருந்து அரிசியை மீட்பது எளிதல்ல. ஆகவே அனுமதியும் கூலியும் கிரைண்டரில் போடுவதற்கு முன்பே பேசி முடிக்கப்பட வேண்டும். எழுத்தாளர்களே, உங்கள் நூல்களைப் பதிந்து வையுங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் ஏ.ஐ. பயிற்சிக்கு அனுமதி உண்டா, இல்லையா என்று ஒரு வரி எழுதச் சொல்லி, அதன்பின் கையெழுத்திடுங்கள்.