பரண்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகக் கல்வராயன் மலை ஓங்கி நிற்கின்றது. அங்கு வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு முதலியவற்றை மழையை நம்பி விளைவிப்பர். மலைநிலத்தில் விளைவித்தல் மட்டும் போதாது. விளைந்ததைக் காத்தலும் வேண்டும். பகலிற் கிளிகள் கதிரைக் கொய்யும்; இரவிற் காட்டுப்பன்றிகள் கொல்லையை உழக்கும். காவலன் ஓரிரவு கண்ணயர்ந்தால், ஒரு குடும்பத்தின் ஓராண்டு உணவு மண்ணாகிவிடும். இவ்விடரை விலக்க மலைவாழ்நர் கண்ட துணையே பரண் ஆகும்.

உறுதியான நான்கு மரக்கால்களை நட்டு, ஆளுயரத்திற்கு மேலே குறுக்குக் கழிகளைப் பிணித்து, அவற்றின்மீது மூங்கிலைப் பரப்பிப் பரண் அமைப்பர். மேலே புல்லால் கூரை வேய்வர். சில இடங்களில் வளர்ந்த மரத்தின் கிளைகளே அதனைத் தாங்கும். உயரத்தில் இருப்பதால் காவலனின் பார்வை கதிர்களைக் கடந்து நெடுந்தொலைவு செல்லும். அவன் எழுப்பும் ஓசையும் தடையின்றிப் பரவும். விலங்குகளால் அவனுக்குத் தீங்கும் நேராது.

சங்க நூல்கள் பரணை இதணம் என்றும் கழுது என்றும் வழங்கும். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில், தலைவியும் தோழியும் பரண்மேல் இருந்து தினைப்புனம் காக்கின்றனர். தட்டை என்பது மூங்கிலைப் பிளந்து செய்த ஒலிக்கருவி. தழல் என்பது கையாற் சுற்றி ஓசை எழுப்புவது. இவை கிளிகளைக் கொல்வன அல்ல, வெருட்டி ஓட்டுவன. அக்கபிலர் உயிர்துறந்த இடமாகக் கருதப்படும் கபிலர் குன்று, கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரில், தென்பெண்ணையாற்றின் நடுவே உள்ளது.

இந்நாளில் சிலர், விழித்திருந்து காக்கும் உழைப்பை வெறுத்து, கொல்லையைச் சுற்றி மின்சாரம் பாய்ச்சிய கம்பியைக் கட்டுகின்றனர். இது சட்டத்திற்கு மாறானது. வருவது பன்றியா, வழிதவறிய மனிதனா என்பதைப் பரணில் இருப்பவன் அறிவான், கம்பி அறியாது. அதனால் யானைகளும் வழிப்போக்கரும், ஒரோவழிக் கம்பியைக் கட்டியவருமே மாண்டதுண்டு.

உயர்ந்த மேடைக்கு இன்று வேறொரு பயனும் உண்டு. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் மக்கள் காட்சிக் கோபுரத்தின்மீது ஏறி, ஏரியில் தங்கும் நீர்ப்பறவைகளைக் கண்டு மகிழ்கின்றனர். பறவைகளின் எச்சத்தால் உரம்பெற்ற ஏரிநீர் வயலுக்குப் பாய்வதால், அவ்வூர் உழவர் தலைமுறை தலைமுறையாக அவற்றைப் போற்றி வருகின்றனர். மலையுழவன் கதிருண்ண வரும் பறவையை ஓட்டுகின்றான். ஏரிக்கரை உழவன் வந்த பறவையைக் காக்கின்றான். இருவர் செயலும் வேறாயினும், பிறவுயிரைக் கொல்லாது தம் பயிரைப் பேணும் நெறி ஒன்றே அன்றோ!