சைக்கிள் எத்தனை மீட்டரில் நிற்கும்?

மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள், காய்ந்த தார்ச்சாலையில் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்தால் ஏறத்தாழ 3 மீட்டரில் நின்றுவிடும். பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் அதைப் போல இரண்டு மடங்கு தூரம் ஓடும். வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்.

பிரேக் பிடித்ததும் ஓட்டுபவரின் எடை முன்பக்கம் சாய்கிறது. முன் டயர் சாலையில் அழுந்துகிறது, பின் டயர் இலேசாகி எளிதில் வழுக்கத் தொடங்குகிறது. அதனால் சைக்கிளை உண்மையில் நிறுத்துவது முன் பிரேக்தான். முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவோம் என்று பிள்ளைகளைப் பயமுறுத்திப் பழக்குவது தவறு. வெடுக்கென்று பிடிக்காமல், உடலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு படிப்படியாக அழுத்தக் கற்றுக்கொடுக்க வேண்டும். மணலிலும் சேற்றிலும் மட்டும் முன் பிரேக்கில் கவனம் தேவை.

காய்ந்த சாலையில் நல்ல நிலையில் உள்ள பெரும்பாலான முன் பிரேக்குகள், பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும் அளவுக்குப் பிடித்துவிடும். அதற்கு மேல் பிரேக்கின் வலிமை உதவாது. பிரேக்குகளின் வேறுபாடு தெரிவது மழையிலும் நீண்ட இறக்கத்திலும்தான்.

நம் ஊர்ப் பழைய கறுப்புச் சைக்கிள்களில் இருப்பது கம்பி பிரேக். பிடியை அழுத்தினால் இரும்புக் கம்பிகள் இழுபட்டு, பிரேக் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில், அதாவது அச்சைப் பார்த்த பக்கத்தில், போய் அழுந்தும். மூட்டை ஏற்றி ஏற்றிச் சக்கரம் பக்கவாட்டில் கொஞ்சம் வளைந்தாலும் இந்தப் பிரேக் அதிகம் பாதிக்கப்படாது. கிராமத்துச் சாலைகளில் நெடுங்காலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். இதன் பெருங்குறை மழை. குரோம் பூசிய எஃகு ரிம் நனைந்தால் ரப்பருக்குப் பிடிமானம் பெருமளவு போய்விடும். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2 மீட்டருக்கு மேல் உருளும். கட்டை நீரைத் துடைத்துப் பிடிக்கத் தொடங்க ஐந்து சுற்று ஆனாலே 10 மீட்டர் கடந்துவிடும். மழைநாளில் முன்கூட்டியே இலேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொண்டே ஓட்டும் பழைய ஆட்களின் வழக்கம் அறிவியல்படி மிகச் சரி.

அலுமினிய ரிம் நனைந்தாலும் எஃகைவிட நன்றாகப் பிடிக்கும். ஷிமானோ நிறுவனம் 1996-இல் அறிமுகப்படுத்திய வி-பிரேக், நீண்ட இரு கைகளால் ரிம்மை இருபுறமும் கவ்வுகிறது. சிறுவர்களின் விரல் வலுவுக்கும் இது நிற்கும், விலையும் குறைவு. அன்றாடப் பயணத்துக்கு இதுவே போதும். ஆனால் ரிம் வளைந்தால் கட்டை உரசும்.

டிஸ்க் பிரேக்கில் உராய்வு ரிம்மை விட்டு அச்சருகே உள்ள மெல்லிய எஃகுத் தகட்டுக்கு மாறுகிறது. சாலை நீரும் சேறும் அங்கே குறைவாகவே சேரும். சேர்ந்தாலும் தகட்டின் துளைகள் விரைவில் வழித்துவிடும். சாலைப் பந்தயங்களில் இதற்குச் சர்வதேச சைக்கிள் சங்கம் 2018-இல் முழு அனுமதி தந்தது.

கொல்லிமலை போல 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட இறக்கத்தில் வெப்பம்தான் சிக்கல். ஆளும் வண்டியுமாக 80 கிலோ எடை 500 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்று ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும் மீதி பிரேக்கில்தான் இறங்கும். ரிம் பிரேக்கில் அந்தச் சூடு டியூபுக்குப் போய் அதை வெடிக்கவைக்கலாம். டிஸ்க்கில் டியூப் தப்பிக்கும். தகடு கையைச் சுடும் அளவுக்குக் காயும். எந்தப் பிரேக்கானாலும் விடாமல் பிடித்துக்கொண்டே இறங்காமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு விட்டு ஆறவிட வேண்டும்.

பெடலைப் பின்னோக்கி மிதித்து நிறுத்தும் பிரேக் நெதர்லாந்தின் சமதளச் சாலைகளில் பரவலானது. மழை அதைத் தொடாது. ஆனால் பின் சக்கரம் மட்டுமே பிடிக்கும். சங்கிலி கழன்றால் பிரேக்கும் போய்விடும்.

பராமரிப்பு எல்லாவற்றுக்கும் பொது. ரப்பர் கட்டையில் குத்தி நிற்கும் உலோகத் துணுக்குகளை ஊசியால் எடுத்துவிட வேண்டும். இல்லையேல் அவை ரிம்மைக் கீறிவிடும். டிஸ்க் வண்டியில் சங்கிலிக்கு எண்ணெய் விடும்போது தகட்டைத் துணியால் மூடிக்கொள்வது நல்லது. ஒரு சொட்டு தெறித்தாலே கட்டை அதை உறிஞ்சிவிடும். அப்புறம் பெரும்பாலும் கட்டையை மாற்றத்தான் வேண்டியிருக்கும்.