துப்பாக்கியின் போர் அளவும் சோக்கும்: ரவை பரவும் விதம்

பயிர்க் காவலுக்காகத் துப்பாக்கி வைத்திருப்போருள் பலர், குழாயின் துளை எவ்வளவு பெரிதோ அவ்வளவு அகலமாக ரவை பரவும் என்றும், துளை சிறுத்தால் ரவை நெருங்கிச் செல்லும் என்றும் கருதுகின்றனர். இது தவறு. ரவை பரவும் அகலத்தை முக்கியமாய் நிர்ணயிப்பது குழாயின் வாயருகே அமைந்துள்ள நெருக்கமே. துளையின் அளவு நிர்ணயிப்பது, ஒரு வேட்டில் எத்தனை ரவைகள் செல்லும் என்பதை மாத்திரமே. இவ்விரண்டையும் வேறு பிரித்து அறியாமையால் தோட்டா வீணாவதோடு, பிராணிகள் காயத்துடன் தப்பியோடுவதும், அயல் நிலத்தில் வேலை செய்வோருக்கு ஆபத்து நேர்வதும் உண்டு. ஆகவே இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

போர் என்பது யாது?

ஒரு ராத்தல் ஈயத்தைச் சம எடையுள்ள 12 உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று எந்தக் குழாயில் சரியாகப் பொருந்துமோ அதுவே 12 போர். 16, 20 என்பவையும் இவ்விதமே. ஆதலின் எண் பெருகப் பெருகத் துளை சிறுக்கும். 12 போரின் துளை குறுக்களவில் .729 அங்குலம், 16 போர்.662 அங்குலம்; 20 போர் .615 அங்குலம். 410 என்று வழங்குவது மாத்திரம் இக்கணக்கில் சேராது, அதன் துளை.410 அங்குலம் என்பதே அப்பெயருக்குக் காரணம்.

பெரிய துளையுள்ள குழாய் அதிக எடையுள்ள ரவையைத் தாங்கும். ஆங்கில அளவில் 6-ம் நம்பர் ரவை அவுன்ஸுக்கு 270 நிற்கும். இதைக் கொண்டு, வழக்கமான தோட்டா ஒவ்வொன்றிலும் உள்ள ரவைகளைக் கணக்கிடலாம்.

12 போர்: 1 1/16 அவுன்ஸ், 287 ரவைகள்
16 போர்: 15/16 அவுன்ஸ், 253 ரவைகள்
20 போர்: 13/16 அவுன்ஸ், 219 ரவைகள்
410: 7/16 அவுன்ஸ், 118 ரவைகள்

சோக்கின் தன்மை

சோக் என்பது குழாயின் வாயை ஒட்டிய கடைசிச் சில அங்குலங்களில் துளையைச் சிறிது குறுக்கி அமைப்பது. அவ்விடத்தைக் கடக்கும்போது ஓரத்திலுள்ள ரவைகள் உட்புறமாகத் தள்ளப்படுவதால், வெளியேறிய பின் அவை விரைவில் விலகுவதில்லை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளரான டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் 1874-ஆம் வருடத்தில் இம்முறையைச் சீர்படுத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1875-ல் "ஃபீல்ட்" என்னும் லண்டன் பத்திரிகை நடத்திய சோதனைகளில் சோக் குழாய்கள் மேம்பட்டு நின்றமையால் அவை எங்கும் பரவின.

நெருக்கம் மிக நுட்பமானது. 12 போர் குழாயில் முழுச் சோக் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு, அதாவது ஒரு மில்லிமீட்டர் அளவே. சிறிய போர்களில் அதே பலனுக்கு இதனினும் குறைந்த நெருக்கம் போதும்.

ஒரு சோக்கின் பலனை அளக்க, 40 கெஜ தூரத்தில் 30 அங்குலக் குறுக்களவுள்ள வட்டத்தில் எத்தனை சதவிகித ரவைகள் பதிகின்றன என்று பார்ப்பது வழக்கம். ஏறத்தாழக் கிடைக்கும் அளவுகள் வருமாறு:

நெருக்கமில்லாக் குழாய் (சிலிண்டர்): 40
கால் சோக்: 55
அரைச் சோக்: 60
முக்கால் சோக்: 65
முழுச் சோக்: 70

இரண்டும் சேர்ந்து தரும் பலன்

இந்தச் சதவிகிதம் எல்லாப் போர்களுக்கும் பெரும்பாலும் ஒன்றே. அரைச் சோக் உள்ள 12 போரும் 20 போரும் ஒரே அகலத்திலேயே ரவையைப் பரப்பும். ஆனால் அவ்வட்டத்தினுள் 12 போர் 172 ரவைகளையும், 20 போர் 131 ரவைகளையும், 410 சுமார் 71 ரவைகளையுமே இடும். எனவே சிறிய போரின் குறை, ரவை குறுகிச் செல்வதன்று; அதே பரப்பில் ரவை அருகி விழுவதே.

இதற்கு மறுதலையும் கவனிக்கத்தக்கது. சிலிண்டர் குழாயுள்ள 12 போர் அவ்வட்டத்தில் இடுவது 115 ரவைகள். முழுச் சோக் உள்ள 20 போர் இடுவது 153. போர் எண்ணை மாத்திரம் பார்த்துத் துப்பாக்கியின் வலிமையை மதிப்பது எவ்வளவு பிழை என்பது இதனால் விளங்கும்.

அப்படியாயின் முழுச் சோக்கே எப்போதும் மேலானதோ எனில், அன்று. 20 கெஜத்தில் சிலிண்டர் குழாயின் ரவை சுமார் 32 அங்குலம் பரவும். முழுச் சோக்கின் ரவை 16 அங்குலமே பரவும். கிட்டத்தில் இது குறி தவறுவதற்கே இடமாகும். 40 கெஜத்திலோ சிலிண்டரின் ரவை ஐந்தடி அளவு விரிந்து இடையிடையே வெற்றிடம் விடும். அத்தூரத்துக்கு மேல் எந்தச் சோக்கையும் நம்பிச் சிறு ரவையால் சுடுதல் கூடாது.

தப்பிய ரவைகள் எங்கே செல்கின்றன?

இக்கேள்வியே எல்லாவற்றினும் முக்கியமானது. எஸ்.ஜி. என்னும் பெரிய ரவை அவுன்ஸுக்கு 8 நிற்பது. 12 போர் தோட்டாவில் சுமார் 9 இருக்கும். மேற்கூறிய கணக்கின்படி சிலிண்டர் குழாயில் 40 கெஜத்தில் மூன்று நான்கு ரவைகளே வட்டத்தினுள் படும். பெரிய ரவைகள் ஒழுங்கின்றிப் பரவுபவை ஆதலால் இதனையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. மற்ற ஐந்தாறு ரவைகள் குறிக்கு வெளியே செல்கின்றன.

ஈய ரவை எட்டக்கூடிய அதிகபட்ச தூரத்தை அறிய, அதன் குறுக்களவை அங்குலத்தில் எடுத்து 2,200-ஆல் பெருக்கினால் கெஜக் கணக்கு வரும். 6-ம் நம்பர் ரவை குறுக்களவில் .102 அங்குலம், ஆகையால் ஏறக்குறைய 224 கெஜம், அதாவது ஒரு பர்லாங் செல்லும். எஸ்.ஜி. ரவை .332 அங்குலம், அது 730 கெஜம், அதாவது மூன்று பர்லாங்குக்கு மேல் செல்லக்கூடும். இரவில் வரப்புக்கு அப்பால் நீர் பாய்ச்சுவோரும், களத்தில் உறங்குவோரும், பாதையில் நடப்போரும் இந்த எல்லைக்குள் இருக்கலாம். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில், அப்பாலுள்ளது இன்னதென்று கண்ணால் காணாமல் எஸ்.ஜி. தோட்டாவைச் சுடுதல் பெருங் குற்றமாகும்.

துப்பாக்கியைச் சோதிக்கும் முறை

வாயில் நாணயத்தைப் புகுத்திப் பார்த்துச் சோக்கை ஊகிப்பது பயனற்றது. துளையே துப்பாக்கிக்குத் துப்பாக்கி சிறிது வேறுபடுவதால் வாயின் அளவு மாத்திரம் நெருக்கத்தைக் காட்டாது. காகிதத்தில் சுட்டுப் பார்ப்பதே சரியான வழி.

அதிகாரிகளின் அநுமதி உள்ள இடத்தில், உயர்ந்த மண்மேட்டுக்கு முன், ஐந்தடிச் சதுரமான காகிதத்தைச் சட்டத்தில் கட்டி, 40 கெஜம் அளந்து நின்று நடுவில் குறி வைத்துச் சுடுக. சுட்ட பின்னரே, ரவை மிகுதியாய் விழுந்த பாகத்தைச் சூழ்ந்து 30 அங்குல வட்டம் வரைக. உள்ளே உள்ள துளைகளை எண்ணி 100-ஆல் பெருக்கி, தோட்டாவிலுள்ள மொத்த ரவைகளால் வகுத்தால் சதவிகிதம் வரும். ஒரு வேட்டு போதாது; குழாய் ஒன்றுக்கு ஆறு வேட்டுகளின் சராசரியை எடுக்க வேண்டும். இரட்டைக் குழாய்த் துப்பாக்கியில் பெரும்பாலும் வலக் குழாய் திறப்பாகவும் இடக் குழாய் நெருக்கமாகவும் இருக்கும். பிளாஸ்டிக் கிண்ணமுள்ள தற்காலத் தோட்டா, பழைய கம்பள அடைப்புத் தோட்டாவைவிட ரவையை நெருக்கி இடுமாதலால், எத்தோட்டாவை உபயோகிக்கிறோமோ அதனாலேயே சோதித்தல் வேண்டும்.

எச்சரிக்கைகள்

1. குழாயின் நுனியை அறுப்பதால் சோக் முழுதும் நீங்கி, துப்பாக்கி வெறும் சிலிண்டராகிவிடும். லைசென்ஸ் இன்றிக் குழாயைக் குறைப்பது 1959-ஆம் வருடத்து ஆயுதச் சட்டத்தின் 6-வது பிரிவுப்படி குற்றமுமாகும்.

2. வாய்வழி மருந்திடும் துப்பாக்கியில் மருந்தை அதிகப்படுத்தினால் ரவை நெருங்கி விழாது, சிதறவே செய்யும். குழாய் வெடிப்பதற்கும் அது காரணமாகும்.

3. 12 போர் துப்பாக்கியும் 20 போர் துப்பாக்கியும் உள்ள வீட்டில் தோட்டாக்களைக் கலந்து வைக்கலாகாது. 20 போர் தோட்டா 12 போர் குழாயினுள் நழுவி முன்னே தங்கிவிடும். அதை அறியாமல் பின்னால் 12 போர் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழாய் கையருகே வெடிக்கும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் இடுவது இதனாலேயே.

4. துளைக்கு இறுகப் பொருந்தும் தனிக் குண்டைச் சோக் குழாயில் சுடலாகாது.

5. பயிருக்குச் சேதம் செய்யும் விலங்கும் பறவையும் பெரும்பாலும் 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கியவை. துப்பாக்கி லைசென்ஸ் அவற்றைச் சுட அநுமதி ஆகாது. அதற்கு உரிய அதிகாரியின் உத்தரவு தனியே வேண்டும்.

கிராம அதிகாரிகள் தத்தம் எல்லையிலுள்ள லைசென்ஸ்தாரருக்கு இவற்றை எடுத்துச் சொல்வது நலம். தம் துப்பாக்கி எத்தனை கெஜத்தில் எத்தனை ரவையை எங்கே இடும் என்று காகிதத்தில் கண்டறிந்தவர், எட்டாத தூரத்துக் குறியை விட்டுவிடுவார். அவ்விதம் சுடாது விட்ட ஒவ்வொரு வேட்டும் அயல் வயலில் நிற்பவருக்குக் காப்பாகும்.